வந்த காரணம்: பிள்ளை பார்க்க

போன மாதம் பதுளையில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராக்களில் புதிதாகப் பொறுப்பேற்கப் போகும் பெண்களுக்கான வகுப்பு. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளையும் பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகும் காப்பகத்தைத்தான் எங்கள் பக்கம் பிள்ளைக் காம்பரா என்போம். இருபத்தெட்டு வருஷம் அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "மறக்க முடியாத மூணு சம்பவம் சொல்லுங்க டீச்சர்" என்றார்கள். சொன்னேன். தொண்டையில் பலாக்கொட்டை சிக்கிய பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டிக் காப்பாற்றியது, மண் சரிந்த அன்று பதினேழு பிள்ளைகளையும் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது, எடை ஏறாத ஒரு குழந்தைக்கு என்ன குறை என்று கண்டுபிடித்தது. மூன்றிலும் நான் நல்லவள். எல்லாரும் கைதட்டினார்கள்.

மத்தியானம் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் நிச்சயமான பெண். சோற்றைப் பிசைந்தபடியே கலகலவென்று சிரித்தாள். யாரைப் பற்றியும் அவளுக்குக் கவலையில்லை. "டீச்சர், இந்தப் பூனையப் பாருங்களேன், என்னா சேட்ட பண்ணுதுன்னு" என்று கைபேசியை என் பக்கம் திருப்பினாள். "அதெல்லாம் சின்னப் புள்ளைங்க பாக்குறது" என்றேன். சொன்ன பிறகு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஒரு மனிதருடைய பேரை நான் கெடுத்தேன். அது நாலாவது சம்பவம். அதைப் பயிற்சி வகுப்பில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நடந்தது நமுனுகுல மலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். தோட்டத்தின் பெயர் வேண்டாம். நான் தெமோதரைக்காரி. ரயில் பாதையில் வேலை பார்த்த அப்பாவுக்கு ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தவளைப் பயிற்சிக்கு எடுத்தார்கள். ஆறு மாதம் பதுளையில் பிள்ளை வளர்ப்புப் பாடம், ஆறு மாதம் வேறொரு தோட்டத்தில் கைப்பழக்கம், பிறகு ஒரு சாவிக்கொத்தையும் ஒரு தராசையும் கொடுத்து இங்கே அனுப்பிவிட்டார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

வேலை காலை ஆறரைக்குத் தொடங்கும். கீழே பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதற்கு முன்பே தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்துவிடுவார்கள். வாங்கும்போதே நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பேன். மேலில் கீறல், கன்றிப்போன தடம் ஏதும் இருந்தால் தாயின் முன்னாலேயே குறித்துக்கொள்வேன். பால் போத்தலில் பெயர் எழுதிய துண்டு ஒட்டியிருக்க வேண்டும். எட்டரைக்குச் சத்துமாக் கஞ்சி. பத்து மணிக்குப் பால் கொடுக்கும் தாய்மார் வருவார்கள். கொழுந்துப் பையை வாசலில் கழற்றி வைத்து, கை கழுவி, பூச்சி மருந்து அடித்த மலையில் இருந்து வந்திருந்தால் மேல் சட்டையையும் மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தொட விடுவேன். பன்னிரண்டரைக்குச் சோறு. ஒரு மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் பாயில். கைக்குழந்தைகள் ஏணையில். இரண்டரை வரைக்கும் ஒரு சத்தம் கேட்கக் கூடாது. கறார் டீச்சர் என்று எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

என்னை மேற்பார்வை செய்தவர் பத்மாவதி மேடம். மாதம் ஒரு முறை வருவார். சத்தம் போட்டுப் பேசியதே கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் கை கழுவுவார். தூங்கும் பிள்ளைகளின் பாதத்தை ஒவ்வொன்றாக மெல்லத் தொட்டுக்கொண்டே தலை எண்ணுவார். கால் குளிர்ந்திருந்தால் "போர்வை பத்தலையோ" என்பார், அவ்வளவுதான். போத்தல்களை மூக்கருகே பிடித்துப் பார்ப்பார். கழுவும் தொட்டியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு புத்தகங்களை விரிப்பார். ஒரு கேள்வி கேட்டால் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பதில் வரும் வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்கு நான் நடுங்குவேன். ஒரு தடவை ஜன்னல் திருத்த வந்த தச்சரை வருகையாளர் புத்தகத்தில் எழுத மறந்துவிட்டேன். "உள்ள கால் வச்ச ஆள் யாரா இருந்தாலும் புத்தகத்துல இருக்கணும் லீலா. இது பிள்ளைங்க இருக்கிற எடம்" என்றார். அன்றிலிருந்து நான் ஒருவரையும் விட்டதில்லை. திகதி, பெயர், நேரம், வந்த காரணம், ஒப்பம் என்று ஐந்து கட்டம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதுவேன்.

வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு குழு எங்கள் காம்பராவுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியும் படம் போடும் கருவியும் ஒரு பெட்டி நிறைய இறுவட்டுகளும் தந்துவிட்டுப் போனது. காலையில் அரை மணி நேரம் மட்டும் போடலாம், தூங்கும் நேரத்தில் தொடவே கூடாது என்று மேடம் எழுதி ஒட்டினார்.

அந்தப் பெட்டியில் பேச்சே இல்லாத ஒரு பொம்மைப் படம் இருந்தது. ஒரு கரடிக் குட்டி தபால்காரர். கதைக்கு ஒரு கடிதம். உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், வேறு ஒன்றுமில்லை. வீட்டு வாசல் வரை பத்திரமாகக் கொண்டுபோகும். கதவைத் தட்டும் நேரத்தில் காற்று வந்து தூக்கிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் ஆடு வந்து பாதியைத் தின்றுவிடும். நனைந்து கிழிந்து கடைசியில் எப்படியோ போய்ச் சேரும். எனக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. காலை அரை மணி நேரத்தில் பிள்ளைகளைப் பார்ப்பதா, படத்தைப் பார்ப்பதா? அதனால் அவர்கள் தூங்கிய பிறகு சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்ப்பேன். ஒரு நாள் வீட்டில் வாய் தவறி அந்தக் கரடியைப் பற்றிச் சொன்னபோது என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பொம்மப் படம் பாக்குற வயசா ஒனக்கு? வெளிய சொல்லிறாத" என்றார். நானும் வெளியே சொல்லவில்லை. சின்ன வயதில் இதெல்லாம் கிடைக்கவில்லை, அதனால்தான் என்று இப்போது காரணம் சொல்லலாம். அப்படிப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. நன்றாக இருந்தது, பார்த்தேன்.

வேலாயுதண்ணன் இதற்குள் வந்தது ஒரு காய்ச்சலால். அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடும் அந்த வேலையில் அன்றைய பங்கை முடித்துவிட்டால் ஒரு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம். மனைவி இல்லை. ஒரே மகள் செல்வி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். மருமகன் எப்போதோ பிரிந்து போய்விட்டான். செல்வியின் மகள் தனுஷா எங்கள் காம்பராவில் இருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்து தூங்காமல் சிணுங்கிய ஒரு நாள் கரடிப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பேத்தியைப் பார்க்க வந்த அண்ணனும் அவளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். தனுஷா தூங்கிவிட்டாள். அவர் எழுந்து போகவில்லை. சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

"பைய இப்புடித் தோளுல மாட்டுனா கடுதாசி விழாம என்ன செய்யும் டீச்சர்? கொழுந்து பறிக்கிற நம்ம பொம்பளைங்க மாதிரி நெத்தியில கட்டச் சொல்லணும்" என்றார்.

பிறகு அடிக்கடி வந்தார். வருஷம் பிறந்ததும் தனுஷா பள்ளிக்கூடம் போய்விட்டாள். பிள்ளைகள் பதிவுப் புத்தகத்தில் அவள் பெயரைச் சிவப்பு மையால் வெட்டினேன். அடுத்த கிழமை மத்தியானம் அண்ணன் வாசலில் நின்றார். கை கால் கழுவி, வேறு சட்டை போட்டிருந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன் டீச்சர்" என்றார். "உள்ள வாங்கண்ணே" என்றேன். தனியாகப் பார்ப்பதைவிட அவரோடு பார்ப்பது நன்றாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வாசற்படியை ஒட்டித் தரையில்தான் உட்காருவார். பிள்ளைகள் பக்கம் கால் நீட்டியதுகூட இல்லை.

ஆனால் உள்ளே கால் வைத்தவர் புத்தகத்தில் இருக்க வேண்டுமே. வந்த காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் என் பேனா நின்றது. பொம்மைப் படம் பார்க்க என்று எப்படி எழுதுவது? தூங்கும் நேரத்தில் படம் போட்டவள் யார் என்ற கேள்வி வருமே. 'பிள்ளை பார்க்க' என்று எழுதினேன். முந்திய வருஷமெல்லாம் அவருக்கு அப்படித்தான் எழுதினேன், கையும் பழகியிருந்தது. அண்ணனுக்குப் பெயரை மட்டும் எழுதத் தெரியும். ஒப்பம் வைக்கும்போது "என்ன காரணம்னு போட்டீங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"புள்ள பாக்கன்னு போட்டிருக்கேன்."

தூங்கிக்கொண்டிருந்த வரிசையைப் பார்த்துச் சிரித்தார். "சரிதாங்க. இத்தன புள்ளைங்க இருக்கே."

ஆறு மாதம் இப்படிப் போனது. கிழமைக்கு மூன்று நாள், நான்கு நாள். ஒவ்வொரு நாளும் அதே இரண்டு வார்த்தை.

மேடத்தின் வாகனம் கீழ் வளைவில் திரும்பும்போது ஹோர்ன் அடிக்கும். அங்கிருந்து ஏறி வரப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் எங்களுக்குப் போதும். அன்றைக்கு மழையில் பாதை சேறாகி வாகனத்தைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார். எனக்கு உதவியாக இருந்த முத்தம்மா பின்பக்கம் போத்தல் கழுவிக்கொண்டிருந்தாள். நான் குட்டி நாற்காலியில், அண்ணன் வாசலை ஒட்டித் தரையில். கரடி ஒரு மரப்பாலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மேடம் நின்றார்.

நான் பெட்டியை அணைத்தேன். மேடம் கை கழுவினார். பாதங்களைத் தொட்டு எண்ணினார். பிறகு என் மேசையில் உட்கார்ந்தார்.

"யாரு போட்டது லீலா?"

பேனா மூடியைக் கழற்றினார். நான்தான் மேடம் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கடிதத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கறார் டீச்சர் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பொம்மைப் படம் பார்த்தாள் என்று பதுளைக் கூட்டத்தில் நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம்.

"அதெல்லாம் சின்னப் புள்ளைங்க பாக்குறது மேடம். நான் எதுக்குப் போடப் போறேன்? இவருதான் வந்து போடச் சொன்னாரு" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருக்கவில்லை. நான் ஏதோ யோசித்துத்தான் சொல்கிறேன், தனக்குப் புரியவில்லை என்பது போல் பார்த்தார். மேடம் வருகையாளர் புத்தகத்தை விரித்தார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். அவர் விரல் ஒரே கட்டத்தில் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே போனது.

"பிள்ளை பார்க்க. பிள்ளை பார்க்க. எந்தப் பிள்ளை?"

"பேத்தி மேடம்."

"பேத்தி பேரு ஜனவரியில வெட்டியிருக்கே."

மேடம் காத்திருந்தார். படம் போட்டது யார் என்ற பேச்சு அத்தோடு போய்விட்டது. அதைவிட எத்தனையோ மடங்கு பெரிய ஒன்று அந்த அறைக்குள் வந்துவிட்டது. அது என்னவென்று எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று என்னால் இன்று சொல்ல முடியாது. தூங்கும் பிள்ளைகள் நடுவே, இங்கே பிள்ளை இல்லாத ஒரு ஆம்பிளை, ஆறு மாதமாகப் பிள்ளை பார்க்க வந்திருக்கிறார். எழுதியது நான்.

"அவரு சொன்னதத்தான் எழுதுனேன் மேடம்" என்றேன்.

மேடம் அவர் பக்கம் திரும்பினார். "எதுக்குங்க இங்க வர்றீங்க?"

வேலாயுதண்ணன் எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தாரோ, அல்லது டீச்சர் எழுத்தில் தப்பு வராது என்று நம்பினாரோ.

"டீச்சர் எழுதியிருக்காங்களே. அதேதாங்க" என்றார்.

மேடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் புத்தகத்தையும் அந்தப் பதிலையும் வைத்து யார் பார்த்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். முத்தம்மாவையும் கூப்பிட்டுக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றாள் அவள். வேலாயுதம் என்ற தொழிலாளி இனிப் பிள்ளைக் காம்பராவுக்கு வரக் கூடாது என்று மேடம் தோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தார். அலுவலகத்தில் அதைக் காதும் காதும் வைத்தாற்போல் முடித்திருக்கலாம். அடுத்த நாள் காலை பெரட்டில் வைத்துச் சொல்லிவிட்டார்கள். காம்பரா வாசலில் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது. "கவ்வாத்து வேலாயுதம் புள்ளக் காம்பராப் பக்கம் போகக் கூடாது. மேல உத்தரவு." காரணம் சொல்லவில்லை. காரணத்தைத்தான் எல்லாரும் தாங்களே போட்டுக்கொண்டார்களே. அண்ணன் கத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

அன்று பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்த தாய் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல வேள டீச்சர், நீங்க எழுதி வச்சதால வெளிய வந்துச்சு" என்றாள். நான் கையை விடுவித்துக்கொண்டு அவள் பிள்ளையைத் தூக்கி வந்து கொடுத்தேன். மாத முடிவில் மேடத்தின் அறிக்கை வந்தது. வருகையாளர் புத்தகம் ஒழுங்காகப் பேணப்பட்டுள்ளது என்று அதில் ஒரு வரி எனக்குப் பாராட்டு.

இரண்டு நாள் கழித்துக் கோயில் பாதையில் அவரைப் பார்த்தேன். எனக்காகத்தான் நின்றிருந்தார்.

"டீச்சர், ஒங்ககிட்ட நான் ஏதாச்சும் மரியாத இல்லாம நடந்துக்கிட்டேனா?"

"இல்லண்ணே."

"அப்ப என்னங்க தப்பு பண்ணேன்? கேக்குறவங்களுக்கு என்ன சொல்றது?"

"மேல உத்தரவுண்ணே. என் கையில என்ன இருக்கு" என்றேன். வழியை விட்டு ஒதுங்கினார். நான் போய்விட்டேன். என் வாழ்க்கையில் நான் பேசிய வார்த்தைகளில் இதைப் போல் கேவலமானது வேறில்லை.

அந்தக் கிழமையே பேத்தியை அவரிடமிருந்து கொண்டுபோய்விட்டார்கள். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இருந்த தகப்பன் வழிப் பாட்டி வந்து கூட்டிக்கொண்டு போனாள். குவைத்தில் செல்விக்கு போன் போயிற்று. அவள் அந்த வருஷத்துக்குள்ளேயே திரும்பி வந்து, மகளைக் கூட்டி வந்து, வரிசை வீடுகளான லயத்தில் அப்பாவின் அதே காம்பராவில் இருந்தாள். அப்பாவைப் பின்பக்கக் குசினியில், அடுப்படியில், படுக்கச் சொன்னாள். சோறு போட்டாள், மருந்து வாங்கிக் கொடுத்தாள், பேச்சு இல்லை. தனுஷா தாத்தாவோடு தனியாக இருக்கக் கூடாது என்று சட்டம். இதெல்லாம் முத்தம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

செல்வி மறுமணம் செய்துகொண்டாள், ஒரு பையன் பிறந்தான். அவனைச் சேர்க்க என்னிடம்தான் வந்தாள். சேர்க்கும் படிவத்தில், பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்கள் என்று ஒரு இடம் உண்டு. வீட்டில் இருக்கும் பெரியவர்களின் பெயரெல்லாம் வரும். செல்வி தன் பெயரையும் கணவன் பெயரையும் சொன்னாள். நான் எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

"அப்பா பேரு வேணாம் டீச்சர். ஒங்களுக்குத் தெரியாததா? நீங்க மட்டும் அன்னைக்குக் கவனிக்காம விட்டிருந்தா…" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்கள நான் சாமி மாதிரி நெனச்சிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை. அவள் ஒப்பம் வைத்தாள், நானும் ஒப்பம் வைத்தேன், படிவத்தைக் கோவையில் சேர்த்தேன். அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகும் வரை தினமும் காலையில் அவள் கையில் இருந்து அவனை வாங்கினேன்.

பயிற்சி வகுப்பு முடிந்து வந்த இரவு வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு காலம் கழித்து அதை எதற்குக் கிளறுகிறாய் என்றார். வயதான காலத்தில் எனக்கு மரியாதை போய்விடும் என்றார். அந்த மரியாதைக்காகத்தான் அன்றைக்கும் வாயை மூடினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

செல்வி லயத்து முன்பக்க இஸ்தோப்புத் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். படம் போட்டது நான். பார்த்தது இரண்டு பேரும். 'பிள்ளை பார்க்க' என்று எழுதியதும் நான், அவர் சொல்லி எழுதவில்லை. பயந்து பொய் சொன்னேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"கார்ட்டூன் பாக்கவா வந்தாரு?"

"ஆமா. வேற ஒன்னுமில்ல."

"நான் எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த கேக்கல டீச்சர். கேக்க வாய் வரல. ஒங்க புத்தகத்துல இருக்குன்னு சொன்னாங்க, அதோட நம்பிட்டேன்." லயத்தின் கோடியைக் கை காட்டினாள். "எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்? அவங்க பெரட்டுல வச்சுச் சொன்னாங்க. நீங்க பீலியில வந்து சொல்லுங்க."

லயத்தின் கோடியில் தண்ணீர் விழும் பீலியடியில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் எட்டுப் பத்துப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பலருடைய பிள்ளைகளை நான் வளர்த்தவள். "டீச்சரா, வாங்க வாங்க" என்றார்கள். நான் சொல்லத் தொடங்கினேன். துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டேன். கரடிப் படத்தைப் பற்றியும் சொன்னேன், குட்டி நாற்காலியைப் பற்றியும் சொன்னேன். ஒருத்தி சிரித்துவிட்டாள்.

"டீச்சரா பொம்மப் படம் பாத்தீங்க? இதுக்கா?"

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். இத்தனை வருஷம் நான் பயந்த சிரிப்பு இவ்வளவுதான். பிறகு அவர்களுக்கு வேலாயுதண்ணனின் நினைவு வந்திருக்க வேண்டும். ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். முத்தம்மாவும் அங்கே இருந்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள் தலையைத் தூக்காமல். "ஜன்னல் வழியா எத்தன நாள் பாத்துருக்கேன். டீச்சரே சொல்லாதப்ப நான் எப்புடிச் சொல்ல?" பெண்கள் மறுபடி துணியைக் கசக்கத் தொடங்கினார்கள்.

திரும்பி வந்தபோது வேலாயுதண்ணன் குசினிப் படியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். பீலியில் பேசியது அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் அருகே போய்க் கை கூப்பினேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனுஷாவுக்கு இப்போது பதினான்கு வயது.

"கார்ட்டூன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டீங்களே டீச்சர்" என்றார் மெல்லிய குரலில். "பேத்தி சிரிக்குமே."

எட்டு வருஷப் பழியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வெட்கப்பட்டது இதற்கு.

தனுஷா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளை போய்ப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அப்புடி என்னதான் இருந்துச்சு தாத்தா அந்தப் படத்துல?"

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு முதல் கதையில் இருந்து சொல்லத் தொடங்கினார். செல்வி வந்து கதவோரம் நின்று கேட்டாள். எனக்கும் நின்று கேட்க ஆசையாக இருந்தது. எனக்காகத் துடைத்துப் போட்ட நாற்காலியை யாரோ மடித்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. பதுளை பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் பாதையில் போய் நின்றுகொண்டேன்.